பெரிய குடும்பமும் பொருநை நதியும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

முன்னுரை

இறைவன் நம் நெல்லைச் சீமைக்கு அளித்த கொடைகளுள் தலையாயது தாமிரபரணி. பொருநை என்னும் பழம்பெயர் கொண்ட இந்நதி பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களை வளப்படுத்தி, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ஆம் ஆண்டு வந்து இறைப்பணி ஆற்றிய முத்துக்குளித்துறைக் கடற்கரை அது. கார், பிசானம் என்னும் இரு போக நெல்லையும் விளைவிப்பது இந்த நதிதான். நெல்லை மக்களுக்கும், கீழே தூத்துக்குடி மக்களுக்கும் குடிநீர் தருவதும் இதுவே.

இவ்வளவு நன்மை செய்யும் நதிக்கு நாம் திருப்பித் தருவது என்ன? சாக்கடை நீர், சோப்பு நுரை, பாலிதீன் பை, பழந்துணி ஆகியவைதாம். ஆற்றில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் 2024-ஆம் ஆண்டு நேரில் வந்து ஆற்றைப் பார்வையிடும் நிலை உண்டாயிற்று. சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சாக்கடை தொடங்கும் இடம் எது? நம் வீட்டு அங்கணக்குழி அன்றோ? ஆதலால், பெரிய குடும்பங்களில் வாழும் நாம் அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சில எளிய மாற்றங்களை இக்கட்டுரையில் காண்போம்.

பெரிய குடும்பத்தின் பலம்

தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் என்று ஒன்பது பேர் வாழும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் பள்ளித் தோழியர் பலரின் வீடு இப்படிப்பட்டதே. "இத்தனை பேர் இருக்கிற வீட்டில் சிக்கனம் எங்கே முடியும்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். ஒருவர் செய்யும் வீண் அங்கே ஒன்பது மடங்காகிறது. ஆனால் ஒருவர் கற்றுக்கொள்ளும் நல்ல பழக்கமும் ஒன்பது மடங்காகும் அல்லவா?

மேலும், பெரிய குடும்பத்தில் சில நன்மைகள் இயல்பாகவே அமைந்துள்ளன. ஒன்பது பேருக்கு ஓர் அடுப்பில் ஒரே வேளையில் சமையல் ஆகிறது. அக்காளின் பாவாடையும் பாடநூலும் தங்கைக்கு ஆகின்றன. ஒரே விளக்கின் கீழ் நான்கு பிள்ளைகள் படிக்கின்றனர். தனித்தனியே வாழும் சிறு குடும்பங்களுக்குக் கிட்டாத சிக்கனம் இது. இந்தப் பலத்தை அறிந்து பயன்படுத்துவதே நாம் செய்ய வேண்டியது.

தண்ணீர்

முதலில் தண்ணீரைக் கவனிப்போம். நிமிடத்திற்கு 6 லிட்டர் நீர் விடும் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு 3 நிமிடம் பல் துலக்கினால் 18 லிட்டர் செலவாகும். செம்பில் மொண்டு வாய் கொப்பளித்தால் 1 லிட்டர் போதும். ஒருவருக்கு 17 லிட்டர் மிச்சம் என்றால் ஒன்பது பேருக்கு 153 லிட்டர் மிச்சமாகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள அளவு. அப்படியானால், பல் துலக்கும் வேளையில் மட்டும் ஓர் ஆளின் முழுநாள் தண்ணீரையே நாம் கொட்டிவிடுகிறோம்! உங்கள் வீட்டுக் குழாய் எவ்வளவு விடுகிறது என்பதை ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு நீங்களே அளந்து பார்க்கலாம்.

சொட்டும் குழாயையும் அலட்சியம் செய்யலாகாது. விநாடிக்கு ஒரு துளி சொட்டினால் ஒரு நாளில் 86,400 துளிகள். மருத்துவத்தில் 20 துளிகளை ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தாலும் நாளுக்கு 4 லிட்டருக்கு மேலும், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேலும் வீணாகிறது. 'சிறு துளி பெருவெள்ளம்' என்னும் பழமொழி சேமிப்புக்கு மட்டுமன்றி விரயத்துக்கும் பொருந்தும். சில ரூபாய் விலையுள்ள வாசர் ஒன்றை மாற்றினால் இது நின்றுவிடும்.

ஒருமுறை பயன்பட்ட நீரை மறுமுறையும் பயன்படுத்தலாம். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு ஆகும்; மாடு இல்லையேல் கறிவேப்பிலைச் செடிக்கு ஆகும். காய்கறி அலசிய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் உள்ள வீடுகளில் அது வெளியே தள்ளும் நீர் கொஞ்சநஞ்சமன்று. அதை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம். குளியலறை நீர் பாயும் இடத்தில் வாழையோ சேம்போ கல்வாழையோ நட்டால் நீரும் தேங்காது, கொசுவும் குறையும்.

இனி மழைநீர். 2003-ஆம் ஆண்டு தமிழகத்தில் கட்டடங்கள் அனைத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது பொருத்திய குழாய்கள் பல வீடுகளில் இன்று அடைபட்டும் உடைந்தும் கிடக்கின்றன. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் நீர் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னர் மாடியைப் பெருக்கி, குழாயைத் திறந்து, வடிகட்டியிலுள்ள மணலையும் கூழாங்கல்லையும் கழுவிப் போட்டால் அந்நீர் முழுவதும் நம் கிணற்றுக்கே சேரும்.

அங்கணக்குழியும் அமலைச் செடியும்

வண்ணார்பேட்டை, குறுக்குத்துறைப் பக்கம் ஆற்றைப் பார்த்தவர்கள் அமலைச் செடியை அறிவார்கள். ஆகாயத்தாமரை என்றும் அதைச் சொல்வதுண்டு. பச்சைப் பசேலென்று அழகாகத் தோன்றினாலும் அது ஆற்றுக்குப் பிடித்த நோயின் அடையாளமாகும். சாக்கடையிலும் சில சலவைத் தூள்களிலும் உள்ள பாஸ்பேட், நைட்ரஜன் ஆகியவை அச்செடிக்கு உரமாகின்றன. உரம் மிகுந்தால் செடி நீர்ப்பரப்பை மூடிவிடும். சூரிய ஒளி உள்ளே புகாது. அடியில் அழுகும் இலைகள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். மீன்கள் மூச்சுத் திணறும். சமையல் எண்ணெயும் இப்படியே தீங்கு செய்கிறது. நீரின்மேல் படலமாகப் பரவிக் காற்று நீரில் கரைவதைத் தடுப்பதுடன், சாக்கடைக் குழாயினுள் உறைந்து அடைப்பையும் உண்டாக்குகிறது.

இதற்கு நாம் செய்ய வேண்டியது அதிகமில்லை. சலவைத் தூளைக் கை நிறைய அள்ளிப் போடாமல், உறையில் சொல்லப்பட்ட அளவைக் கரண்டியால் அளந்து போட வேண்டும். நுரை மிகுந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்பது தவறான எண்ணம். நுரை மிகுந்தால் அலசும் நீரே மிகுகிறது. ஒன்பது பேரின் துணியைத் தனித்தனியே துவைக்காமல், சேர்த்து ஊறவைத்துத் துவைத்தால் சோப்பும் நீரும் மிச்சப்படும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளியும், தேய்ப்பதற்குக் காய்ந்த பீர்க்கங்கூடும் நம் ஆச்சிமார் கண்ட வழி. பிளாஸ்டிக் நார் தேயத் தேயப் பொடியாகி நீரோடு போய்விடும். பீர்க்கங்கூடோ மண்ணில் மக்கிவிடும். தலைக்குச் சீயக்காயின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

பாபநாசம் படித்துறையில் நீராடுவோர் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் ஒன்று உண்டு. பக்தியால் செய்வதாயினும், இன்றைய நைலான், பாலியஸ்டர் துணிகள் நீரில் மக்குவதில்லை. அவற்றை ஆற்றிலிருந்து எடுப்பதே தொண்டர்களுக்குப் பெரும்பாடாக உள்ளது. நம் வீட்டுப் பழந்துணி எதுவாயினும் நல்லதை ஏழைகளுக்கும், கிழிந்ததைக் கரித்துணிக்கும் கொடுப்போம். ஆற்றுக்குக் கொடுக்க வேண்டாம்.

சமையலறை

ஒன்பது பேரில் ஒவ்வொருவரும் நாள்தோறும் 25 கிராம் சோற்றை, அதாவது ஒரு சிறு பிடியை, மிச்சம் வைத்து எறிவதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 225 கிராம். ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 82 கிலோ. ஒரு கிலோ அரிசி விளைய இரண்டாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் தேவைப்படுகிறது. அந்த நீரும் நம் பொருநையின் வாய்க்கால்களில் வந்ததே. ஆகவே சோற்றைக் கொட்டுவது, கண்ணுக்குத் தெரியாமல் ஆற்றைக் கொட்டுவதாகும்.

வேண்டியதை மட்டும் தட்டில் போட்டுக்கொண்டு, போதாவிட்டால் மறுபடியும் கேட்டு வாங்குவது நல்ல பழக்கம். இரவில் மீந்த சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தால் அதற்கு ஈடில்லை. கூடையின் அடியில் கத்தரிக்காய் ஒன்று, முருங்கைக்காய் ஒன்று, வாழைக்காய் பாதி என்று கிடந்தால் இருக்கவே இருக்கிறது நம் நெல்லையின் கூட்டாஞ்சோறு! வெயில் நம் ஊரில் இலவசம். கோடையில் வற்றலும் வடகமும் போட்டு வைத்தால் மழைக்காலத்துக்கு உதவும்.

எரிபொருளிலும் சிக்கனம் தேவை. பருப்பையும் அரிசியையும் அரைமணி நேரம் ஊறவைத்து, பாத்திரத்தை மூடிச் சமைத்தால் விரைவில் வேகும். ஆளுக்கொரு நேரத்தில் வந்து சாப்பிட்டால் அம்மா குழம்பை நான்கு முறை சூடாக்க வேண்டியிருக்கும். இரவு உணவையாவது எல்லோரும் சேர்ந்து உண்டால் எரிவாயுவும் மிச்சம். குடும்ப செபத்திற்கும் நேரம் கிடைக்கும்.

கடைவீதிக்குப் போகும்போது

தமிழக அரசு 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. ஆயினும் கடைக்காரர் பை கொடுப்பதும் நாம் வாங்குவதும் முற்றிலும் நிற்கவில்லை. ஒரு வீட்டில் நாளுக்கு இரண்டு பை வாங்கினால் ஆண்டுக்கு 730 பைகள்! இவை தெருவோரச் சாக்கடையை அடைக்கின்றன. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய மழையை எந்தச் சாக்கடையும் தாங்காது என்பது உண்மை. ஆனால் சாதாரண மழைக்கே தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்பதற்கு நாம் எறிந்த பைகளும் காரணமாகின்றன. அடைபடாமல் தப்பிய பைகள் ஆற்றோடு மன்னார் வளைகுடா சென்று, கடலாமைக்கும் மீனுக்கும் எமனாகின்றன.

பிளாஸ்டிக்குக்கு மாற்றுப் பொருளைத் தேடி நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. பனை நம் மாநில மரம். ஓலைப்பெட்டியும் நார்ப்பெட்டியும் பல ஆண்டுகள் உழைக்கும். குளிர்ந்த நீருக்குக் காருகுறிச்சி மண்பானை. படுக்கப் பிளாஸ்டிக் பாய்க்குப் பதில் கோரைப்புல்லில் நெய்த பத்தமடைப் பாய். இவற்றை வாங்கினால் நம் ஊர்த் தொழிலாளர் குடும்பங்களும் பிழைக்கும். எண்ணெய்க்குத் தூக்குவாளி, மீனுக்கும் இறைச்சிக்கும் மூடியுள்ள பாத்திரம், பூவுக்கு வாழையிலை என்று வழக்கப்படுத்திக்கொண்டால் போதும். பெரிய குடும்பமாதலால் பருப்பு, புளி, மிளகாய் முதலியவற்றை மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கலாம். சிறு சிறு உறைகள் வீட்டுக்குள் வரா.

குப்பை

நெல்லை மாநகரின் குப்பை ராமையன்பட்டிக் கிடங்குக்குச் செல்கிறது. அக்கிடங்கு பலமுறை தீப்பற்றி எரிந்ததுண்டு. அருகில் குடியிருக்கும் குழந்தைகள் அந்தப் புகையைச் சுவாசிக்க நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் குவிந்தால், உள்ளே அழுகும்போது மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகும். அதில் சிறு பொறி பட்டாலும் தீப்பிடிக்கும்.

ஆகவே வீட்டிலேயே பிரித்துவிட வேண்டும். காய்கறித் தோல், வாழையிலை, முட்டை ஓடு முதலியவை மக்கும் குப்பை. தாள், பாட்டில், தகரம் முதலியவை காய்ந்த குப்பை. பேட்டரி, உடைந்த டியூப்லைட், காலாவதியான மருந்து ஆகியவற்றைத் தனியே வைத்துத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். கலந்த குப்பையை அவர்கள் கையால் கிளறிப் பிரிக்கும்போது பிளேடும் கண்ணாடியும் குத்துகின்றன. நாம் பிரித்துக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையுமாகும்.

மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கலாம். அடியில் துளையிட்ட பழைய பானையிலோ வாளியிலோ ஒரு பிடி குப்பை, அதன்மேல் ஒரு பிடி காய்ந்த சருகு அல்லது மண் என்று அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். சருகு சேர்க்காவிட்டால்தான் நாற்றம் வரும். இரண்டு மூன்று மாதங்களில் கறுத்த, மண் வாசனையுள்ள உரம் கிடைக்கும். வெண்டைக்கும் கீரைக்கும் அதைவிட நல்ல உணவில்லை. சருகுடன் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொல்லையில் கொளுத்தும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் குறைந்த சூட்டில் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது.

மின்சாரம்

பழைய 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட் ஆகும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 1.35 யூனிட்டே போதும். தமிழகத்தில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுகிறது. அதற்குமேல் பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் கூடுகிறது. ஆகவே பெரிய குடும்பம் சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மதிப்பு அதிகம். ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துவதற்குப் பணம் வேண்டாம், கவனம் போதும்.

இவற்றையெல்லாம் யார் செய்வது?

இக்கட்டுரையில் மிக முக்கியமான கேள்வி இதுவே. மேலே சொன்னவற்றை மறுபடியும் படித்துப் பாருங்கள். குப்பையைப் பிரிப்பது, கழுநீரைப் பிடித்து வைப்பது, துணிப்பையைத் துவைப்பது, உரத்தைக் கிளறுவது ஆகிய எல்லாம் யார் தலையில் விழும்? அம்மாவின் தலையில்! காலை நாலரை மணிக்கு எழுந்து ஒன்பது பேருக்குச் சமைக்கும் கைகளுக்கு இன்னும் பத்து வேலைகளைச் சேர்த்துவிட்டு, "எங்கள் வீடு சுற்றுச்சூழலைக் காக்கிறது" என்று நாம் பெருமை பேசுவது முறையாகுமா? அப்படிச் செய்தால் அந்த மாற்றம் ஒரு மாதம்கூட நிலைக்காது. அம்மாவுக்கு உடல்நலம் குன்றிய அன்றே எல்லாம் நின்றுவிடும்.

ஆகையால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் வண்டியில் எப்போதும் இரண்டு மஞ்சப்பை வைத்திருப்பார்கள். தாத்தா உரப்பானையைக் கவனிப்பார். அண்ணன் குழாய்களையும் மாடி வடிகட்டியையும் பார்த்துக்கொள்வான். காய்ந்த குப்பையைத் தம்பி பிரித்து வைப்பான். கழுநீரும் செடிகளும் நம் பொறுப்பு. ஆச்சியோ நமக்கெல்லாம் ஆசிரியை. பீர்க்கங்கூடும் சீயக்காயும் அவர் கண்ட பாடங்கள் அல்லவா? யார் யாருக்கு என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காமல், மாதம் ஒரு பழக்கம் என்று தொடங்கினால் ஓராண்டில் பன்னிரண்டு பழக்கங்கள் படிந்துவிடும். ஆண்பிள்ளைகளும் இதில் பங்கேற்க வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

முடிவுரை

அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழலைப் பேணுவோரின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் அறிவித்தார். அப்புனிதரின் பெயரையே சூடிய திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' (இறைவா, உமக்கே புகழ்) என்னும் சுற்றுமடலில், தண்ணீரைக் குறைவாகச் செலவிடுவது, குப்பையைப் பிரிப்பது, உண்ணும் அளவுக்கே சமைப்பது, வேண்டாத விளக்கை அணைப்பது போன்ற அன்றாடச் சிறு செயல்களையும் மறவாமல் எடுத்துக் கூறியுள்ளார். உலகம் முழுவதற்கும் எழுதிய மடலில் ஒரு சமையலறையின் வேலைகளுக்கும் அவர் இடம் கொடுத்தார் என்றால், அவை எவ்வளவு மேன்மையானவை என்பது விளங்கும்.

நம் வீட்டு அங்கணக்குழிக்குக் கீழே சாக்கடை. அதற்குக் கீழே ஆறு. அந்த ஆற்றின் கரையில் ஸ்ரீவைகுண்டத்திலும் அதற்கப்பாலும் குடத்தோடு காத்திருப்பவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினரே. நமக்கு மேலே இருப்பவர்கள் தூய நீரை அனுப்ப வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். நமக்குக் கீழே இருப்பவர்களும் அதையே நம்மிடம் விரும்புவார்கள் அன்றோ? பிறர் நமக்குச் செய்ய விரும்புவதை நாம் பிறருக்குச் செய்வோம். அன்புத் தோழியரே, இந்த மலரைப் படித்து மூடியதும், வீட்டில் சொட்டும் குழாய் எது என்று முதலில் பார்த்து வாருங்கள்!